மேடைக்கு முதுகு காட்டிய பலூன்

ஏகாம்பரம் இறந்துபோன செய்தி எனக்குப் பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தது. நம் ஆலயத்தின் கோடை விடுமுறைக் குழந்தைகள் விழாவுக்காகப் பள்ளி மைதானத்தில் பந்தல் அளவெடுக்க வந்த தாஸ், மூங்கிலை மதிலில் சாய்த்துவிட்டு, ஏதோ நினைவு வந்தவர் போலச் சொன்னார்.

"மேடம், பலூன் ஏகாம்பரம் பூட்டாரு, தெரியுமா? நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிகினே குந்தினாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. வர்ற வெள்ளிக்கெயமை காரியம்."

"எந்த ஏகாம்பரம்?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஏகாம்பரம்தான். ஆனாலும் அப்படித்தான் கேட்டேன்.

தாஸ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதான் மேடம், ஜம்பிங் பலூன். நம்ம ரோஸ்லின் பாப்பா கை ஒடிஞ்சிச்சே, அந்த ஆளு."

அந்த ஆளு. நம்மில் பலருக்கு அவர் அப்படித்தான் நினைவிருக்கிறார். அவரை அப்படி நினைக்க வைத்ததில் பெரும்பகுதி என்னுடைய வேலை. இந்த ஆலயத்தின் மாதர் சங்கச் செயலாளராக நம் இதழில் எத்தனையோ ஆண்டறிக்கைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் எதையும் எழுத எனக்கு இவ்வளவு நாள் ஆனதில்லை.

அவரைப் பார்த்திராத இளம் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். ஏகாம்பரம் வியாசர்பாடி எம்.கே.பி. நகரில் குடியிருந்தவர். துறைமுகத்துக்கு வரும் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பது அவர் தொழில். ஏதோ ஒரு பொருட்காட்சி முடிந்து, கிழிந்து, குப்பைக்குப் போகவிருந்த ஜம்பிங் பலூன் ஒன்றை எடுத்துவந்து, கோணி ஊசியைக் கொண்டும் பங்க்சர் ஒட்டும் சொல்யூஷனைக் கொண்டும் அதை மறுபடி எழுந்து நிற்க வைத்தார். காற்றூதும் மோட்டாரைப் போட்டால் பத்து நிமிடத்தில் நான்கு கோபுரமும் மூன்று பக்கச் சுவருமாக ஒரு கோட்டை உயரும். திறந்திருக்கும் நான்காவது பக்கத்தை அவர் வாய் என்பார். குழந்தைகள் அந்த வழியாக ஏறி உள்ளே குதிப்பார்கள். மோட்டார் ஓடும் வரைதான் அது கோட்டை. நின்றுவிட்டால் வெறும் துணி.

வாய்ப்பக்கம் சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்றிருக்கும். முதுகுப்பக்கம் முழுவதும் ஒட்டு. பச்சைத் தார்ப்பாய், நீலத் தார்ப்பாய், ஒரு மூலையில் ஏதோ கம்பெனியின் பாதி எழுத்து. ஆனால் ஒட்டுகளின் தையல் அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். நான் படித்த கான்வென்டில் தையல் வகுப்பு எடுத்த சிஸ்டர் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பார். அதை முதல் நாளே கவனித்தேன். வாய் திறந்து சொன்னதில்லை.

நம் விழாவுக்கு அவர் பலூன் கொண்டுவந்த முதல் ஆண்டிலேயே எங்களுக்குள் மோதல் வந்தது. எண்பது குழந்தைகளுக்கும் நானே என் கைப்பட பெயர் எழுதி, ஊக்கு மாட்டிச் சட்டையில் அட்டை குத்தியிருந்தேன். வரிசையில் நின்ற முதல் குழந்தையைப் பார்த்ததுமே ஏகாம்பரம் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"இதெல்லாம் கயட்டணும்மா."

"கழற்ற முடியாது. பெயர் தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது?"

"பேருதானே, நான் கேட்டுக்கறேன். பாப்பா, உன் பேரு இன்னா?"

குழந்தை பெயரைச் சொன்னது. வரிசையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

"ஊக்கு பலூன்ல குத்துச்சுன்னா நான் ஒட்டிக்குவேன்மா. கொயந்தை கண்ணுல குத்தினா இன்னாத்த வெச்சு ஒட்றது?" என்றார்.

அவர் மனைவி சகுந்தலா ஒரு பழைய புடவையைத் தரையில் விரித்தார். செருப்பு, கொண்டை ஊசி, கண்ணாடி, கொலுசு, கழுத்து மாலையில் தொங்கிய மாதா பதக்கம், என் எண்பது அட்டைகள் எல்லாம் அதன்மேல் வரிசையாகப் போய் உட்கார்ந்தன. குழந்தைகள் இறங்கியபோது சகுந்தலா ஒரு பொருளைக்கூட மாற்றிக் கொடுக்கவில்லை. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அட்டைகளைத் திரும்ப மாட்டிய நான்தான் இரண்டு பெயர்களை மாற்றிக் குத்தினேன்.

குழந்தைகளை ஏற்றுவதில் ஏகாம்பரத்துக்கு வயது கணக்கில்லை. வாய்க்குப் பக்கத்தில் ஒரு கயிறு கட்டி, அதைத் தலை தொடும் பிள்ளைகளைத் தனியாகவும் தொடாதவர்களைத் தனியாகவும் ஏற்றுவார். "எனக்குப் பத்து வயசுதான் அங்கிள்" என்று, பூசையில் உதவும் பீடச் சிறுவர்களில் தடித்த ஒருவன் சிறுசுகளோடு ஏறப் பார்த்தான். "உன் வயசு எனக்குத் தெரியும் நைனா. கீய வியறவனுக்கு உன் வெயிட்டுதான் தெரியும். போய் அந்த லைன்ல நில்லு" என்று திருப்பி அனுப்பினார். சங்கத் தலைவியின் பேரன் அவன். தலைவி என்னிடம் முறையிட்டார். நான் ஏகாம்பரத்திடம் போய்ச் சொல்லவும் செய்தேன். "அவங்க பேரன்னா ரெண்டு ரவுண்டு சேத்து வுடறேன்மா. ஆனா பெரிசுங்களோட" என்றார்.

மூன்றாம் ஆண்டு என்று நினைக்கிறேன். மதியம் எல்லோருக்கும் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தோம். ஏகாம்பரத்துக்கு ஒரு தட்டு கொடுத்தனுப்பினேன். தட்டு அப்படியே திரும்பி வந்தது. எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுச் சமையலை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். அவர் வழக்கம்போலப் பலூனின் சுவரில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி அந்தக் கை எந்நேரமும் அங்கேதான் இருக்கும். காற்று குறைந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குத் தெரிந்துவிடும் என்பார்.

"வெச்சிட்டுப் போங்கம்மா. கொயந்தைங்க மேல கீறச்ச எனக்கு எறங்காது."

சாக்கு என்று எண்ணினேன். அங்கிருந்து பத்தடி வந்திருக்க மாட்டேன், மின்சாரம் போயிற்று. பந்தலில் இருந்த நாங்கள் எல்லோரும் தலையைத் தூக்கி மின்விசிறியைப் பார்த்தோம். அந்த மைதானத்தில் அந்தக் கணவன் மனைவி இருவர் மட்டுமே குழந்தைகளைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் வாய்க்கு ஓடி, தொங்கத் தொடங்கிய மேல்விளிம்பைத் தோளில் தாங்கிக்கொண்டார். "ஓடாதீங்கடா கண்ணுங்களா. ஒண்ணும் இல்ல, கோட்டைக்குத் தூக்கம் வந்துடுச்சு. குந்திகினே நவுந்து வாங்க" என்று, அவசரமே இல்லாத குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். சகுந்தலா ஒவ்வொரு குழந்தையையும் அக்குளில் கை கொடுத்து இறக்கி எண்ணினார். "ஒம்போது ஏத்தினேன், ஒம்போது எறக்கிட்டேன்." அப்புறம்தான் ஏகாம்பரம் தோளை எடுத்தார். கோபுரங்கள் ஒவ்வொன்றாகப் படுத்தன. அதன் பிறகு மதில் ஓரமாக உட்கார்ந்து, ஆறிப்போன பிரியாணியை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். "உப்பு கொஞ்சம் தூக்கலா கீதும்மா" என்றும் சொன்னார். உண்மைதான், அன்று உப்பு கூடிவிட்டது.

இத்தனையும் தெரிந்த நான்தான் ஐந்தாம் ஆண்டு அதைச் செய்தேன்.

அதுவரை நம் விழா மேடை மேற்கே பள்ளி வராந்தாவில் இருந்தது. அவ்வாண்டு தலைமை விருந்தினராக வரவிருந்தவர் வயது முதிர்ந்த குருவானவர், வெக்கை தாங்காதவர். கடற்காற்று அவர் முதுகில் படட்டும் என்று, மேடையைக் கிழக்கு மதில் ஓரம், கடலுக்கு முதுகு வைத்துப் போடச் சொன்னேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். என் யோசனையை மறுப்பவர்கள் அப்போது குறைவு.

ஏகாம்பரத்துக்கு ஒரு விதி இருந்தது. நம் மைதானத்தில் பலூனின் முதுகு எப்போதும் கடலுக்குத்தான் இருக்கும். மேடை மேற்கே இருந்தவரை பலூனின் முகம் தானாகவே மேடையைப் பார்த்தது. அதனால் அப்படி ஒரு விதி இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு நான் மைதானத்துக்குப் போனபோது, புது மேடையில் போட்டிருந்த வெல்வெட் நாற்காலிகளுக்கு நேர் எதிரே, அந்த ஒட்டுப் போட்ட முதுகு எழும்பி நின்றது.

"இது என்ன, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு? திருப்பி வையுங்கள்."

"முதுகு கடலுக்குத்தாம்மா இருக்கணும். கடக்காத்து வாய்க்குள்ள பூந்துச்சுன்னா அப்படியே தூக்கிடும்."

நான் கைக்குட்டையை விரல் நுனியில் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டினேன். அது கடலை நோக்கிப் பறந்தது. "காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. உங்கள் கணக்குப்படியே முதுகு மேற்கே அல்லவா இருக்க வேண்டும்?"

"இது மேக்காத்தும்மா. காலையில அடிக்கும். ஒரு மணி, ரெண்டு மணிக்கு கடக்காத்து உள்ள வரும். வரச்ச சொல்லிகினு வராது."

"அது எனக்கும் தெரியும். அதற்காகத்தான் மேடையையே இங்கே போட்டிருக்கிறேன்."

"அப்ப தெரிஞ்சேதான் சொல்றீங்க" என்று அவர் சிரித்தார்.

பந்தல்காரர்களும் சிரித்தார்கள். என் முகம் சூடானது. இப்போது எண்ணிப் பார்த்தால், அந்தச் சிரிப்பு இல்லாதிருந்தால் ஒருவேளை நான் யோசித்திருப்பேன். "பெரியவர் வந்து உட்கார்ந்து இந்தக் கந்தலையா பார்த்துக்கொண்டிருப்பது? முடியாதென்றால் சுருட்டிக்கொண்டு போங்கள்" என்றேன்.

கந்தல் என்ற சொல்லை நான்தான் சொன்னேன். சகுந்தலா நிமிர்ந்து பார்த்து, "இன்னா மாமா, போலாமா?" என்று கணவரைக் கேட்டார். ஏகாம்பரம் வாசல் பக்கம் பார்த்தார். அங்கே முப்பது நாற்பது குழந்தைகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். அவர் குனிந்து, பலூனைத் தரையோடு கட்டியிருந்த இரும்பு முளைகளைப் பிடுங்கத் தொடங்கினார்.

திருப்பி வைத்த பிறகு வாய்ப்பக்கம் நான்கு முளைகளைக் கூடுதலாக அடித்தார். ஒரு மூங்கில் நட்டு அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"இந்தத் துணி திரும்பிச்சுன்னா விசில் வுடுவேன். வுட்டா எல்லாரும் எறங்கிடணும். அப்போ நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது."

"சரி" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு வர வேண்டிய விருந்தினர் வரவில்லை. ஒன்றரை மணி இருக்கும், வாசலில் கார் நின்றது. அவர் மேடையேறும்போது பலூனுக்குள்ளிருந்து குழந்தைகள் கையசைக்க வேண்டும், அதைப் புகைப்படம் எடுக்க வேண்டும் என்று நான் ஏற்பாடு செய்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத் துணி தொய்ந்து, அசையாமல் தொங்கியது. பிறகு மெல்ல மறுபக்கம் திரும்பியது. விசில் கேட்டது. குழந்தைகள் இறங்கத் தொடங்கினார்கள். ஆறு பேர் மிச்சம்.

நான் வாய்ப்பக்கம் விரைந்து போய்ச் சகுந்தலாவிடம் சொன்னேன்: "இவர்களை இறக்காதே. ஐந்து நிமிடம். பெரியவர் மேடையேறட்டும்."

"அவரு விசில் வுட்டாரும்மா."

"நான் சொல்கிறேன்."

சகுந்தலா கணவரைத் தேடித் திரும்பிப் பார்த்தார். அவர் பின்னால் மோட்டார் பக்கம் நின்றார். "எறக்கு, எறக்கு" என்று அங்கிருந்தே கத்தினார். காற்று அதற்குள் வந்துவிட்டது. மேடையின் பின்திரை எங்கள் பக்கம் வீங்கியது. மறுகணம் பலூனின் வாய்விளிம்பு தரையைவிட்டு எழுந்தது. இரண்டு முளைகள் மண்ணோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. ஏகாம்பரம் ஓடிவந்து கயிற்றின் மீது விழுந்தார். கயிறு அவர் கைகளுக்குள் ஓடியது. அவர் விடவில்லை. ஐந்து குழந்தைகள் பின்சுவரை நோக்கிச் சரிந்து மெத்தையிலேயே விழுந்தார்கள். விளிம்பில் நின்ற ரோஸ்லின் வெளியே எறியப்பட்டாள். அவளுக்கு அப்போது எட்டு வயது. இடது முழங்கை உடைந்தது. அந்தக் கை இன்றும் முழுவதுமாக நீளாது என்பதை நீங்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைகளில் காண்கிறீர்கள்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் பிறகு கூட்டம் நடந்தது. ஏகாம்பரம் இரு கைகளிலும் கட்டுப் போட்டபடி வந்திருந்தார். ரோஸ்லினின் தந்தை எழுந்தார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

"கடலப் பாத்து வாயைத் தொறந்து வெச்சிகிறியே, நீயெல்லாம் இன்னா ஆளு? காத்து எங்கேந்து வரும்னு ராயபுரத்துல பொறந்த கைக்கொயந்தைக்குக்கூடத் தெரியும்யா."

ஏகாம்பரம் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெஞ்சலும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. என் முறை வந்துவிட்டதா என்று வரிசையில் நிற்பவர் பார்ப்பது போல இருந்தது. எனக்குப் பேச நேரம் இருந்தது. அதை நான் மறுக்க முடியாது. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்கும் அளவுக்கு நேரம் இருந்தது. பிறகு அவர் சொன்னார்: "தப்புதான் நைனா. நாந்தான் வெச்சேன். என் பலூன்."

நான் செயலாளர். குறிப்பேடு என் மடியில் இருந்தது. எழுதினேன்: 'பலூனைத் தவறான திசையில் நிறுத்தியதாக அதன் உரிமையாளர் ஒப்புக்கொண்டார். இனி அவரை அழைப்பதில்லை எனத் தீர்மானிக்கப்பட்டது.' இரண்டு வாக்கியங்களிலும் எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது. பிறகு பக்கத்துப் பள்ளிகளிலிருந்து அவரைப் பற்றி விசாரித்து வந்த கடிதங்களுக்கும் அந்த இரண்டு வாக்கியங்களையே தட்டச்சு செய்து அனுப்பினேன். திருவொற்றியூர் வரை அவரைக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

அந்த வாரமே நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். குருவானவர் மன்னிப்பு வழங்கினார். யாருக்குத் தீங்கு செய்தேனோ அவரிடம் நேரில் சொல்லிச் சரிசெய்யுமாறும் கூறினார். முதலாவதைப் பெற்றுக்கொண்டேன். இரண்டாவதைத் தள்ளிப்போட்டேன்.

இரண்டு ஆண்டு தள்ளிப்போயிற்று. சென்ற ஆண்டு ஒரு ஞானஸ்நானத்துக்காக எண்ணூர் தாண்டி அத்திப்பட்டுப் பக்கம் போயிருந்தேன். அனல் மின்நிலையத்தில் வேலை செய்யும் குடும்பங்கள் ஏதோ விழா நடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே அந்தக் கோட்டை நின்றது. கடலுக்கு முதுகு. நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒட்டுப் போட்ட பக்கத்தைப் பார்த்தபடி நிலக்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் எந்த மரியாதையும் குறைந்துவிடவில்லை.

சுவரில் கை வைத்து நின்றவர் என்னைப் பார்த்ததும் மலர்ந்தார். "செகரெட்ரியம்மா, இன்னா இந்தப் பக்கம்? சாம்பல் பறக்குது, பொடவை கலீஜாயிடப் போவுது."

நான் நலம்கூட விசாரிக்கவில்லை. "அன்று ஏன் என் பெயரைச் சொல்லவில்லை?" என்று கேட்டேன். கேட்ட தொனி அதிகாரமாக இருந்தது. எனக்கு வேறு தொனி தெரியாது.

"எத சொல்றது? நீங்க திருப்புன்னீங்க. முளையைப் புடுங்கித் திருப்பினது யாரு? நாந்தானே. மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். கொயந்தைங்க வேற செருப்பைக் கயட்டிகினு நிக்குது, நீங்க வேற மூஞ்சி செவந்து நிக்கிறீங்க. வாயில வரல." சுவரை ஒரு முறை தட்டிப் பார்த்துக்கொண்டார். "மாட்டேன்னு சொல்லத் தெரியாதவன் மோட்டார் போடக் கூடாதும்மா."

பிறகு, "பாப்பா கை நீட்டுதா?" என்றார்.

"கொஞ்சம் வளைந்துதான் இருக்கிறது."

உள்ளே குழந்தைகள் குதிக்க, சுவரோடு சேர்ந்து அவர் கையும் ஏறி இறங்கியது. "நம் ஆட்களிடம் நான் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்றேன். "வுடுங்கம்மா. ஆச்சு, போச்சு" என்றார்.

நானும் விட்டுவிட்டேன். அவர் விடச் சொன்னது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது என்பது ரயிலில் திரும்பி வரும்போதே தெரிந்தது. தெரிந்தும் ஓராண்டு சும்மா இருந்தேன். அவர் அறுபதைத் தொடாதவர். நான் எழுபதைக் கடந்தவள். அவருக்கு முன் நான் போய்விடுவேன் என்றும், அத்தோடு இது முடிந்துவிடும் என்றும் எண்ணியிருந்தேன் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காரியத்தன்று எம்.கே.பி. நகருக்குப் போனேன். மாடிப்படிக்குக் கீழே பலூன் சுருட்டிக் கட்டிக் கிடந்தது. சகுந்தலா என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியங்களைச் சொன்னேன். திருப்பச் சொன்னது நான், ஐந்து நிமிடம் கேட்டது நான், கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு எழுதியது நான். அவர் கடைசிவரை கேட்டார்.

"இத்த யாரண்ட சொல்றீங்க? என்னண்டயா? எனக்குத்தான் தெரியுமே. பலூன் வாயாண்ட நின்னவ நாந்தானே. அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சவங்களுக்குள்ளயே சொல்லிகினா இன்னா ஆவும்? தெரியாதவங்களண்ட போய் சொல்லுங்க."

இத்தனை வயதில் என்னிடம் யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை. எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். பிறகு திரும்பி, இந்த ஆண்டு விழாவுக்குப் பலூனைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். கேட்கும் தகுதி எனக்கில்லை என்று தெரிந்துதான் கேட்டேன்.

சகுந்தலா சுருட்டி வைத்த பலூனைப் பார்த்தார். "மொதல்ல எயுதுங்க. என் பொண்ணு படிச்சுக் காட்டட்டும். அப்பால சொல்றேன்."

ஆகவே எழுதியிருக்கிறேன். ரோஸ்லினின் பெற்றோருக்கு, இந்த இதழ் அச்சாவதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர்கள் என்னிடம் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அத்தனையும் எனக்கு உரியது. நம் குறிப்பேட்டில் எழுதியதை அடித்துத் திருத்த விதி கிடையாது. அதற்கு எதிர்ப்பக்கத்தில், பங்குச் சாமியாரின் அனுமதியோடு, இப்படி எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்: 'பலூனைத் திருப்பச் சொன்னவர் செயலாளர். உரிமையாளர் தடுத்தார். காற்று மாறியதும் அவர் விசில் ஊதினார். குழந்தைகளை இறக்க வேண்டாமென்று சொன்னவரும் செயலாளரே.' பள்ளிகளுக்கும் அதையே அனுப்பியாயிற்று.

சகுந்தலா வருவாரா என்று இதை எழுதும் நேரத்தில் எனக்குத் தெரியாது. மைதானத்தின் நடுவே இடம் விட்டுத்தான் தாஸ் பந்தல் போட்டிருக்கிறார். மேடையை மாற்றவில்லை. சகுந்தலா வந்தால், ஞாயிறன்று நாம் எல்லோரும், விருந்தினர் உட்பட, பலூனின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்போம். தையலைக் கவனியுங்கள். யாராவது ஏன் இப்படி என்று கேட்டால் ஏகாம்பரத்தின் பெயரைச் சொல்லுங்கள். 'அந்த ஆளு' என்று சொல்ல வேண்டாம்.

அவருடையது என்று என்னிடம் ஒரு பொருளும் இல்லை. மதியம் ஒன்றரை மணிவாக்கில் என் வீட்டுக் கொடியில் காயும் புடவை சட்டென்று தொய்ந்து, அசையாமல் தொங்கும். பிறகு மெல்ல மேற்குப் பக்கம் திரும்பும். மூன்று ஆண்டுகளாக அந்த நேரத்தில் கையில் என்ன வேலை இருந்தாலும் அப்படியே நிறுத்திவிடுகிறேன். அடுப்பில் பால் பொங்கியிருக்கிறது, பொங்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அது ஒன்றுதான்: விசில் ஊதியவுடன் நின்றுவிடுவது.